20:40:01 — வெள்ளவத்தை அலுவலகம் ஒன்றில் பதிவுக் கோப்பு சொன்னதும் சொல்லாததும்

நவம்பர் நடுப்பகுதி, சனிக்கிழமை காலை. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் ஒரு கணக்கு அலுவலகம். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வருமான வரி விபரத்திரட்டுகளை நவம்பர் 30க்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதால் மேசையெல்லாம் கோப்புக் கட்டுகள். முகாமையாளர், கொம்பியூட்டர் பார்க்க வந்த என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அச்சடித்த ஆறு பக்கங்களை நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் கோடு.

"ஆள் யாரென்று எங்களுக்குத் தெரியும் தம்பி. நீங்கள் பார்த்து உறுதிப்படுத்தினதாக ஒரு கடிதம் தந்தால் போதும்."

விஷயம் இதுதான். அலுவலக இணையப் பொதியில் பகலுக்கு மாதம் 200 ஜிபி. நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை பயன்படுத்துவது தனிக் கணக்கு, அதற்குத் தாராளமான அளவு. செப்டெம்பர் வரை பகல் கணக்கு மாதக் கடைசி வரை தாக்குப் பிடித்தது. ஒக்டோபரில் 18ஆம் திகதியே முடிந்துவிட்டது. மேலதிக டேட்டா வாங்கினார்கள். நவம்பரிலும் அதே வேகத்தில் கரைந்துகொண்டிருந்தது. முகாமையாளரின் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குக் கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும். அவன் வந்து, எல்லோரும் பகிரும் கோப்புகள் இருக்கும் பொதுக் கொம்பியூட்டரான சேர்வரில், நடப்பவை தானாகக் குறிக்கப்படும் பதிவுக் கோப்பைக் கிளறி, ஒவ்வொரு நாளும் இரவு 20:40க்கு "கணக்கு2 என்ற பயனருக்கு அமர்வு திறக்கப்பட்டது" என்று ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். கணக்கு2 என்பது தரவுப் பதிவு செய்யும் ஒரு பிள்ளையின் பயனர் பெயர். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, பம்பலப்பிட்டியில் போடிங்கில் தங்கியிருக்கிறாள். அந்த வாரங்களில் இரவு 9 மணி வரை அலுவலகத்தில் நிற்பவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்தார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படம் இறக்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒக்டோபர் சம்பளத்தில் 3,600 ரூபாய் பிடித்தாயிற்று. விளக்கம் கோரும் கடிதமும் கொடுத்தாயிற்று. பொலிஸ், கணினிக் குற்றச் சட்டம் என்ற பேச்சும் அவள் காதில் விழும்படி நடந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டுப் பொருள் அல்ல. ஊரை விட்டு வந்து போடிங்கில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எத்தனை இரவு தூக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடிதம் இப்போது தர முடியாது, முதலில் பார்க்கிறேன், மூன்று நான்கு நாள் வேண்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருந்தது

தாள்களை வாசித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது நொடி. 20:40:01. அடுத்த நாளும் 20:40:01. அதற்கடுத்த நாளும் அதுவே. ஐந்து கிழமைப் பதிவில் ஒரு நாளாவது 20:40:17 என்றோ 20:43 என்றோ இல்லை. கையால் கடவுச்சொல் அடிக்கும் மனிதன் இப்படி வரமாட்டான். ஒரு நாள் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவான், ஒரு நாள் எழுத்துப் பிழை விட்டு இரண்டாம் தரம் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமையும் அதே நொடி. போயா விடுமுறையிலும் அதே நொடி. தீபாவளி அன்றும் அதே நொடி, அன்றைக்கு அவள் ஹட்டனில் தாய் தகப்பனோடு இருந்தாள்.

இதைச் சொன்னதும் முகாமையாளர் தயாராக வைத்திருந்த பதில்: "வீட்டில் இருந்தும் உள்ளே வரலாம்தானே?"

வரலாம். அதனால்தான் இரண்டாவது விஷயத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பையன் "அமர்வு திறக்கப்பட்டது" என்ற சொற்களைத் தேடி எடுத்து அச்சடித்திருந்தான். அந்த வரியிலேயே, கோடு போட்ட இடத்துக்குச் சற்று இடப்பக்கம், கிரொன் என்ற பெயர் இருந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் அந்தச் சேர்வரில் யாராவது உள்ளே வந்தால் அனுமதிப் பதிவுக் கோப்பில் ஒரு வரி விழும். ஆனால் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டிவிடும் கிரொன் என்ற பின்னணி நிரலும் ஒரு பயனரின் பெயரில் வேலையைத் தொடங்கும்போது அதே வாசகத்தோடு ஒரு வரி எழுதும். எஸ்எஸ்எச் (வேறு கொம்பியூட்டரில் இருந்து பாதுகாப்பாக இணையும் வழி) வழியாக மனிதர் வந்தால் வரியின் தொடக்கத்தில் எஸ்எஸ்எச் சேவையின் பெயர். தானாக ஓடும் வேலை என்றால் கிரொனின் பெயர். மீதி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மஞ்சள் கோடு இரண்டு அங்குலம் இடப்பக்கம் நீண்டிருந்தால் இந்தப் பிள்ளைக்குக் கடிதம் போயிருக்காது.

மனிதர் வந்து போன கணக்கு வேறு ஒரு கோப்பில் இருக்கிறது. லாஸ்ட் என்ற கட்டளை அதைத்தான் வாசித்துக் காட்டும்: யார், எந்த முனையத்தில், எந்த முகவரியில் இருந்து, எப்போது வந்து எப்போது போனார். கிரொன் அந்தக் கோப்பில் எழுதுவதில்லை. ஓட்டிப் பார்த்தேன். கணக்கு2 என்ற பெயரில் ஒரு வரிகூட இல்லை. அவள் அந்தச் சேர்வருக்குள் நேரடியாக நுழைந்ததே கிடையாது. தன் விண்டோஸ் கொம்பியூட்டரில் இருந்து பகிர்வுக் கோப்புறையைத் திறப்பதோடு அவளுக்கும் சேர்வருக்கும் உள்ள சம்பந்தம் முடிகிறது.

ஐந்தரை மணி நேரம்

லாஸ்ட் கட்டளை காட்டிய பட்டியலின் உச்சியில் என் பெயர் இருந்தது. சற்று முன் நானே உள்ளே வந்த பதிவு. நேரம் 05:35 என்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 11.07.

அந்தக் கணத்தில்தான் முழு விவகாரமும் வேறு வடிவம் எடுத்தது. சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே 20:40 என்பது கொழும்பில் அடுத்த நாள் அதிகாலை 2.10. அந்த நேரத்தில் அலுவலகத்தில் எவரும் இல்லை. கீழே காவல்காரர் மட்டும்.

அவள் வேலை முடித்துப் போகும் நேரம் தற்செயலாக 20:40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் இலங்கை நேரம் காட்டும். சிசிடிவி இலங்கை நேரம் காட்டும். சேர்வர் மட்டும் வேறு ஊர் நேரம் சொல்லிக்கொண்டிருந்தது, மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

இயங்குதளம் நேரத்தை இரண்டு விதமாக எழுதுகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். லாஸ்ட் வாசிக்கும் கோப்பில் நேரம் ஒரு எண்ணாகக் கிடக்கிறது: 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவில் இருந்து எத்தனை நொடி என்று. அதை மணி நிமிடமாக்குவது பார்க்கும் வேளையில் நடக்கும் வேலை. சேர்வரின் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றிவிட்டு மறுபடி பார்த்தால் பழைய பதிவுகளும் கொழும்பு நேரத்தில் வரும். அனுமதிப் பதிவுக் கோப்பு அப்படியல்ல. அது வெறும் எழுத்து. எழுதிய அன்று சேர்வர் எந்த வலயத்தில் இருந்ததோ அந்த நேரம் கல்லில் வெட்டியதுபோல் நின்றுவிடும். அந்தச் சேர்வரில் இருந்த பழைய வடிவத்தில் ஆண்டும் இல்லை, வலயமும் இல்லை. புதிய பதிப்புகளில் வலயமும் சேர்ந்தே வருகிறது, நல்ல காரியம்.

வலயத்தை உடனே கொழும்புக்கு மாற்றிவிடலாமே என்று பையன் சொன்னான். நான் தடுத்தேன். மாற்றினால் அதே கோப்பில் பாதி வரிகள் யூடிசி, மீதி இலங்கை நேரம் என்று கலந்துவிடும். அதைவிடப் பெரிய வினை இன்னொன்று. கிரொன் வேலை நேரத்தைச் சேர்வரின் வலயத்தை வைத்துத்தான் பார்க்கும். மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்திருந்தால், அந்த 20:40 வேலை அன்று உண்மையாகவே கொழும்பு நேரம் இரவு 8.40க்கு ஓடத் தொடங்கியிருக்கும். அவள் மேசையில் இருக்கும்போதே. பிறகு எந்தப் பதிவைக் காட்டி என்ன சொன்னாலும் எடுபட்டிருக்காது. எதையும் தொடுவதற்கு முன் பதிவுக் கோப்புகள் முழுவதையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அந்த உபுண்டுவில் அனுமதிப் பதிவு வாரத்துக்கு ஒருமுறை சுழன்று, பழையதில் நான்கு மட்டும் மிஞ்சும். இன்னும் இரண்டு கிழமை தாமதித்திருந்தால் தீபாவளி நாள் வரி அழிந்துபோயிருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு பக்கக் கதை. இலங்கை 2006 ஏப்ரலில்தான் மறுபடி யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற கணக்குக்குத் திரும்பியது. அதற்கு முன் சில ஆண்டுகள் ஆறு மணி நேரம். நம் நாட்டில் பழைய பதிவுகளை வைத்து யாராவது பேசினால் எந்த ஆண்டுப் பதிவு என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பெயர் யாருடையது

சேர்வரின் பொதுப் பதிவுக் கோப்பில் கிரொன் தான் ஓட்டிய கட்டளையையும் எழுதிவிடும். அதில் இருந்தது ஒரு சின்னச் சிறுநிரலின் பெயர். திறந்து பார்த்தேன், ஏழு வரி. அலுவலகத்தின் முழுப் பகிர்வுக் கோப்புறையையும் ஒரே பொதியாகக் கட்டு, சுருக்கு, தெஹிவளையில் முதலாளி வீட்டில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு எஸ்எஸ்எச் வழியாக அனுப்பு. பக்கப்.

கிரொன் எந்த வேலையை எப்போது ஓட்ட வேண்டும் என்று எழுதி வைப்பது கிரொன்டேப் கோப்பில். கணக்கு2 பயனரின் கிரொன்டேப் கோப்பைத் திறந்தால், நேர வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "லங்கா டைம் 2.10 ஏஎம் — நைட் டேட்டா". முன்பு வேலை பார்த்த டெக்னீஷியன் எழுதியது. அவர் இப்போது டோஹாவில். சேர்வர் யூடிசியில் ஓடுகிறது என்பதை அறிந்து, கணக்குப் பார்த்து, இரவுக் கணக்கில் விழும்படி நேரத்தைப் போட்டிருக்கிறார். தன் வேலையைக் கவனமாகவே செய்திருக்கிறார். ஆனால் எல்லாக் கோப்புறைகளையும் வாசிக்கும் அனுமதி கணக்கு2 பெயருக்கு ஏற்கனவே இருந்ததால், தனியாக ஒரு பயனரை உருவாக்காமல் அந்தப் பெயரின் கீழேயே வேலையைப் போட்டுவிட்டார். அப்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் வேறொருவர். அவர் விலகிய பின் பெயரும் கதிரையும் இந்தப் பிள்ளைக்கு வந்தன. கிரொன்டேப் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட திகதி, அவள் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தியது. கோப்பின் மாற்றத் திகதியை வேண்டுமென்றே திருத்தலாம் என்பதால், எளிதில் திருத்த முடியாத நிலைமாற்றத் திகதியையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றே.

இயங்குதளத்துக்கு மனிதரைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு எண். அந்த எண்ணுக்கு ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் இன்று ஒருவர் இருக்கிறார், நேற்று இன்னொருவர் இருந்தார். கோப்பில் இருந்து பெயருக்கு வருவது ஒரு கட்டளை தூரம். பெயரில் இருந்து ஆளுக்கு வருவது வேறு பயணம். 1986இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கணினி நேரக் கணக்கில் 75 அமெரிக்க சதம் இடித்தது. இரண்டு கணக்கு நிரல்கள் காட்டிய தொகைகள் பொருந்தவில்லை. அதைத் துரத்திய வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல் கடைசியில் மேற்கு ஜேர்மனியின் ஹனோவரில் இருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். உள்ளே வந்தவர் பயன்படுத்தியது மற்றவர்களின் பயனர் பெயர்களை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. வெள்ளவத்தையில் ஒரு மஞ்சள் பேனா அதே தூரத்தை ஒரு பின்னேரத்தில் கடந்துவிட்டது.

இரண்டு இரவுகள்

பக்கப் ஓடுகிறது என்று தெரிந்தது. ஆனால் அதுதான் 200 ஜிபியைத் தின்றதா? முகாமையாளர் கேட்ட நியாயமான கேள்வி. அது இரவுக் கணக்கில் அல்லவா போக வேண்டும்?

இங்கேதான் எனக்குச் சங்கடம். உபுண்டு தானாக எழுதி வைக்கும் கணக்கு மெல்லியது. யார் வந்தார், என்ன வேலை தொடங்கியது என்று சொல்லும். எவ்வளவு புரொசசர் நேரம் எடுத்தது, எவ்வளவு டேட்டா போனது என்பதற்கு முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். அதற்கான இரண்டு கருவிகளும் அங்கே நிறுவப்படவில்லை. நடந்து முடிந்த ஒக்டோபரை இனி அளக்க வழியில்லை. ஆகவே சனிக்கிழமை பின்னேரம் இரண்டையும் போட்டுவிட்டுத் திங்கள் காலை வருகிறேன் என்றேன்.

ஒன்று, செயல்முறைக் கணக்கு. இது பழைய சாமான். கணினி நேரத்துக்குப் பணம் வாங்கிய காலத்தின் பிள்ளை. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின், 1979இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே இதற்கான வசதி இருக்கிறது. திறந்துவிட்டால், ஒவ்வொரு செயல்முறையும், அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலும், முடியும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் ஒரு சிறு பதிவை எழுதும்: நிரலின் பெயர், பயனர் எண், எந்த முனையம், எப்போது தொடங்கியது, புரொசசர் நேரம் எவ்வளவு, மொத்தம் ஓடிய நேரம் எவ்வளவு, ரூட் எனப்படும் முழு அதிகாரம் பாவித்ததா, சிக்னலால் கொல்லப்பட்டதா. பெயர் 15 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். கட்டளைக்குப் பின்னால் கொடுத்த கோப்புப் பெயர்கள் எதுவும் பதிவாகாது. முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதற்குப் பதிவே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பதிவு எழுதும் டிஸ்க்கில் வெற்றிடம் 2 சதவீதத்துக்கு இறங்கினால் கேர்னல் இந்தக் கணக்கை எழுதுவதை நிறுத்திவிடும். 4 சதவீதத்துக்கு ஏறிய பின்தான் மறுபடி தொடங்கும். இந்தச் சிறுநிரல் பொதியைக் கட்டி வைப்பதும் அதே டிஸ்க்கில். வெற்றிடம் போதாமல் போனால் நான் பிடிக்க வந்த வேலையே என் கணக்குப் புத்தகத்தை மூடிவிடும். அதனால் பழைய தற்காலிகக் கோப்புகள் கொஞ்சத்தை முகாமையாளரிடம் கேட்டு அகற்றினேன்.

இரண்டாவது, சிஸ்ஸ்டாட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு சேர்வரின் நாடித்துடிப்பையும் எடுத்து வைக்கும்: புரொசசர், நினைவகம், டிஸ்க், நெட்வேர்க்.

திங்கள் காலை 8 மணிக்கே போய்விட்டேன். நல்ல மழை, காலி வீதி பஸ் ஊர்ந்தது. செயல்முறைக் கணக்கில் முதல் வேலை அப்போதே முடிந்து எழுதப்பட்டிருந்தது: சுருக்கும் நிரலான ஜீஸிப், பயனர் கணக்கு2, முனையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடிக்கோடுகள். அந்த அடிக்கோடுகளுக்குப் பொருள், விசைப்பலகையும் திரையும் இல்லாமல் ஓடியது என்பது. புரொசசர் நேரம் 17 நிமிடம் சொச்சம், ஓடிய நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. எஸ்எஸ்எச் வரி மட்டும் இன்னும் வரவில்லை. ஏனென்றால் அது இன்னும் முடியவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்து, "காலையில் நெட் எழும்பவே மாட்டேன் என்கிறது" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். 8.30 தாண்டியதும் அந்த வரி விழுந்தது. புரொசசர் நேரம் 3 நிமிடம்கூட இல்லை. ஓடிய நேரம் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

முகாமையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். 3 நிமிடம்தானே, இதிலா போயிற்று என்றார். ஓட்டோ மீற்றரை வைத்து விளங்கப்படுத்தினேன். ஓடிய தூரம் வேறு, நெரிசலில் காத்து நின்ற நேரம் வேறு. சுருக்கும் வேலைக்குப் புரொசசர் மூச்சு வாங்கி உழைக்க வேண்டும். அனுப்பும் வேலையில் அது பெரும்பாலும் சும்மா காத்திருக்கும், இணைய இணைப்புதான் மெல்ல மெல்ல விழுங்கும். புரொசசர் நேரத்தை மட்டும் பார்ப்பவர் இந்த எஸ்எஸ்எச்சைக் கவனிக்காமலே விட்டுவிடுவார்.

ஆனால் எத்தனை ஜிபி போனது என்று செயல்முறைக் கணக்கு சொல்லாது. அதில் நெட்வேர்க் அளவே இல்லை. சிஸ்ஸ்டாட்டுக்கு எத்தனை போனது என்று தெரியும், எந்த நிரலால் என்று தெரியாது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதிகாலை 2.30க்கு வெளியே போகும் அளவு நொடிக்கு 1,200 கிலோபைட்டுக்குத் தாவி, முப்பத்தாறு வரிகளுக்கு அசையாமல் நின்று, 8.30க்குத் தரையில் விழுந்தது. ஞாயிறு காலையும் அச்சொட்டாக அதே படம். எஸ்எஸ்எச் தொடங்கி முடிந்த நேரமும் அதே. அவர்களின் இணைப்பின் பதிவேற்ற வேகம் 10 மெகாபிட், அந்தக் குழாய் முழுவதும் நிரம்பியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 26 ஜிபி. டிஸ்க்கில் கிடந்த பொதியின் அளவும் 26.

இப்போது விடை தானாக வந்தது. ஒகஸ்டில் இருந்து வாடிக்கையாளரின் ரசீதுகளை எல்லாம் வர்ணத்தில் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன் 6 ஜிபி அளவில் இருந்த கோப்புறை வீங்கிவிட்டது. பிடிஎஃப் ஏற்கனவே சுருங்கியது, ஜீஸிப்பால் அதை மேலும் குறைக்க முடியாது. 6 ஜிபி காலத்தில் அனுப்பும் வேலை அதிகாலை நான்கு மணிக்குள் முடிந்தது, எல்லாம் இரவுக் கணக்கு. 26 ஜிபி ஆனதும் அது காலை 7 மணியைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் பகல் கணக்கில் ஓடுகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 6.5 ஜிபி. அலுவலகத்தின் சாதாரணப் பாவனை நாளுக்கு நாலரை ஜிபி. கூட்டினால் நாளொன்றுக்கு 11. பதினெட்டு நாளில் 198.

முகாமையாளர் தன் கல்குலேட்டரை எடுத்துத் தானும் ஒருமுறை பெருக்கினார். கணக்காளர் அல்லவா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவளுடைய கொம்பியூட்டர்

சேர்வர் பக்கம் தெளிவானாலும், அவளும் ஏதாவது இறக்கினாளா என்ற சந்தேகம் மூலையில் கிடக்கும். அதைக் கிடக்க விடக்கூடாது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் கொம்பியூட்டரைத் திறக்க எனக்கு மனமில்லை. கூப்பிட்டு என்ன பார்க்கப் போகிறேன், அதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொன்னேன்.

"பாருங்க அண்ணா. நான் பக்கத்துல இருக்கலாமா?"

"இருக்கத்தான் வேணும் தங்கச்சி."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை நடுங்கியதை மறைக்க ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விண்டோஸ் இந்த விஷயத்தில் லினக்ஸுக்கு நேரெதிர். யாரும் கேட்காமலேயே எழுதி வைக்கிறது. விண்டோஸ் 8 காலத்தில் இருந்து ஸ்ரம் என்று ஒரு பகுதி உள்ளே ஓடுகிறது. எந்த நிரல், எந்தப் பயனரின் கீழ், எத்தனை பைட் அனுப்பியது, எத்தனை பைட் வாங்கியது என்று ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை தன் தரவுத்தளத்தில் எழுதிவிடும். கொம்பியூட்டரை அணைக்கும்போதும் எழுதும். ஒரு மாதத்துக்குக் குறையாத கணக்கு அங்கே கிடக்கும். சேர்வரில் எனக்குக் கிடைக்காத கடந்த காலம் இங்கே கிடைத்தது. மின்சார மேலாண்மைக் கட்டளையோடு வரும் ஒரு தெரிவைக் கொண்டு அதை அட்டவணையாக வெளியே எடுத்தேன்.

முப்பது நாளில் அவளுடைய உலாவி இறக்கியது 11 ஜிபி. ஏற்றியது ஒரு ஜிபிகூட இல்லை. வரித் திணைக்களத்தின் இணையத்தளம், மின்னஞ்சல், மதிய நேரத்தில் ஏதோ ஒரு பாட்டு. ஸ்ரம் எந்தத் தளம் என்று சொல்லாது, எந்த நிரல் என்று மட்டுமே சொல்லும். பாட்டு என்பதை அவளே சொன்னாள், "மத்தியானம் சாப்பிடும்போது ஹெட்செட் போட்டுக் கேட்பேன் அண்ணா, அது பிழையா?" அதற்கு முகாமையாளர்தான், "இல்லை பிள்ளை, அது பிழை இல்லை," என்றார். மறந்துபோய்க் கதவருகில் நின்றிருக்கிறார்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 6006 என்ற எண்ணோடு வரும் வரி, கொம்பியூட்டர் ஒழுங்காக அணைக்கப்பட்டதைக் காட்டும். அந்தப் பதிவும் உள்ளே யூடிசியில்தான் இருக்கிறது, காட்டும்போது உள்ளூர் நேரமாக்கிக் காட்டுகிறது. எட்டு நாட்களை எடுத்துக் கைரேகை மெஷினோடு ஒப்பிட்டேன். கொம்பியூட்டர் அணைந்து நாலைந்து நிமிடத்துக்குள் கைரேகை. ஒரு நாள் மட்டும் பன்னிரண்டு நிமிடம். அன்றைக்கு நல்ல மழை, கீழே நின்று குடை வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வந்ததாகச் சொன்னாள்.

வேலை முடிந்ததும் முகாமையாளர் மெதுவாகக் கேட்டார், மற்ற எட்டுக் கொம்பியூட்டரையும் இப்படிப் பார்க்கலாமா என்று. முடியாது என்றேன். முறைப்பாடு இல்லை, அவர்களுக்கு அறிவிக்கவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் நான் மாட்டேன். ஒருவரின் முப்பது நாள் இப்படி அட்டவணையாக விரிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நெருங்கிய விஷயம் என்று தெரியும்.

அறிக்கை

கேட்ட கடிதத்துக்குப் பதிலாக இரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் யூடிசியா இலங்கை நேரமா என்று எழுதினேன். "கணக்கு2 பயன்படுத்தியது" என்ற வசனத்தை எங்கும் போடவில்லை. "கணக்கு2 என்ற பயனர் பெயரின் கீழ் கிரொன் தொடங்கிய பக்கப் வேலை" என்று ஒவ்வொரு தடவையும் முழுமையாக எழுதினேன். வாசிக்க நீளம்தான். ஒரு பெயரைச் சுருக்கி எழுதியதில்தான் இத்தனையும் நடந்தது.

விளக்கம் கோரும் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்றார் முகாமையாளர். கிழிக்க வேண்டாம், எழுத்தில் மீளப்பெற்று அதன் பிரதியை அவளுக்குக் கொடுங்கள், கோப்பில் இரண்டும் இருக்கட்டும் என்றேன். அடுத்த வருடம் வேறு முகாமையாளர் வரலாம். அப்படியே செய்தார், அவளை உட்கார வைத்து மன்னிப்பும் கேட்டார். அறைக்கு வெளியே வந்து அவள் அழுதாள்.

பக்கப்புக்குத் தனிப் பயனர் ஒன்றை உருவாக்கினேன். முழுப் பொதியும் ஒவ்வொரு இரவும் போகாமல், மாறிய கோப்புகள் மட்டும் போகும்படி மாற்றினேன். இப்போது பெரும்பாலான நாட்களில் கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. அதற்குப் பிறகுதான் சேர்வரின் வலயத்தைக் கொழும்புக்கு மாற்றி, கிரொன் வரியைத் திருத்தி, மாற்றிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சேர்வர் அலுமாரியின் கதவில் உட்பக்கமாக ஒட்டினேன். சிஸ்ஸ்டாட் தொடர்ந்து ஓடுகிறது. இந்த சேர்வரில் என்ன பதிவாகிறது, யார் அதைப் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும் என்று ஊழியர்களுக்கு ஒரு பக்க அறிவித்தல் போனது.

டோஹாவில் இருப்பவருக்கு வட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொன்னேன். குரல் பதிவு அனுப்பினார். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, தன் சார்பில் மன்னிப்புச் சொல்லச் சொன்னார்.

பிடித்த 3,600 ரூபாய் நவம்பர் சம்பளத்தோடு அவளுக்குத் திரும்பி வந்தது. டிசம்பர் 31 இரவு, பகல் கணக்கில் 58 ஜிபி மிச்சம் இருந்ததாக அவளே எனக்கு மெசேஜ் போட்டாள்.